பெயர் எழுதாத தாள்

என் ஊரான விருத்தாசலத்துக்கு ஒரு வேலையாகப் போனேன். ஒன்பது நாள். பெட்டியில் அறுபது தாள், ஒவ்வொரு தாளிலும் ஏழு கேள்வி. வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்ததா, வந்திருந்தால் எத்தனை மாதமாக, யாரிடம் முதலில் சொன்னீர்கள் என்று எல்லாக் கேள்வியும் ஒரே இடத்தைச் சுற்றித்தான் வரும். பீங்கான் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களிடம் அதைக் கேட்டு எழுதிக்கொண்டு இங்கிலாந்துக்குத் திரும்பினேன். கேட்க வேண்டிய ஒரு ஆளை மட்டும் கேட்கவில்லை. அந்த ஒன்பது நாளும் எனக்கு மூன்று வேளை சோறு போட்ட என் அக்கா லூர்து மேரியை. அந்த ஒன்பது நாளும் அவளுக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது.

ஊர்ப் பயணத்தைப் பற்றி ஒரு பத்திரிகைக்கு எழுதித் தரச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தால் இதுதான் முன்னால் வந்து நிற்கிறது. அதனால் இதையே எழுதுகிறேன்.

நான் இங்கிலாந்தின் வடக்கே ஒரு நகரத்தில் அறுவை மருத்துவன். பெருங்குடலும் மலக்குடலும் என் துறை. எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். சென்னையில் அறுவைப் படிப்பு படித்தபோது கூட இருந்தவர்கள் இதயம், மூளை என்று போனார்கள். எனக்கு வார்டில் பார்த்த முகங்கள் மறக்கவில்லை. குடல் அடைத்து, வயிறு உப்பி, கட்டிலில் கொண்டுவந்து போடுவார்கள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டால், "ஒரு வருஷமா மூலம் சார்" என்பார்கள். மூலம் என்று சொன்னது யார் என்றால், பஸ் ஸ்டாண்டு சுவரில் இருந்த போர்டு. யாராவது ஒரு டாக்டர் விரல் விட்டுப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். இவர்களும் காட்டவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. இந்தத் துறைக்கு நான் வந்தது அதனால்தான்.

ஆனால் ஊரில் நான் "வயித்து டாக்டரு". அக்கா எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். அவளிடம் அப்படிச் சொல்லி வைத்தவன் நான். மலக்குடல் என்ற சொல்லை எங்கள் வீட்டு வாசலுக்குள் நான் ஒருநாளும் கொண்டுபோனதில்லை.

இங்கிலாந்தில் என் அறைக்கு எண்பது வயது அம்மையார் ஒருவர் வந்தார். நான் கதவைச் சாத்துவதற்குள் ஆரம்பித்துவிட்டார். "மூன்று வாரமாக ரத்தம், டாக்டர். நிறத்தை வாயால் சொன்னால் புரியாது என்று பேத்தியின் கலர் பென்சிலில் வரைந்தே கொண்டுவந்திருக்கிறேன்." நிஜமாகவே வரைந்திருந்தார். நானும் என் மேலதிகாரியும் அன்று முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு அவர் கேட்டார்: "உங்கள் ஊரில் மூன்று வாரத்தில் சொல்வார்களா?" தெரியாது என்றேன். "அப்படியென்றால் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள், எழுதுவோம்." ஆராய்ச்சி இப்படித்தான் தொடங்கியது.

முதல் நாளே பஸ்ஸில் தூங்கிப்போனேன். வடலூரில் இறங்க வேண்டியவன் கண் விழித்தால் சேத்தியாத்தோப்பு. கண்டக்டர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "தொண்ட கிழியக் கத்துனேனே சார் வடலூர்ல! பொட்டியப் பாத்தா ஃபாரின் மாதிரி இருக்குது, தூக்கம் மட்டும் நம்மூருத் தூக்கம்." பஸ் முழுக்கச் சிரித்தது. இறங்கி, வெள்ளாற்றுப் பாலத்துக்குப் பக்கத்து டீக்கடையில் நின்றேன். வாழையிலைத் துண்டில் இரண்டு மெதுபோண்டா, மேலே கெட்டிச் சட்னி. மூன்று வருடமாக வேகவைத்த உருளைக்கிழங்கையே தின்ற நாக்கு அது. இன்னும் இரண்டு கேட்டேன்.

பக்கத்தில் டீ ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்த பெரியவர், என்ன உத்தியோகம் என்று கேட்டார்.

"டாக்டருங்க."

"எதுக்கு டாக்டரு?"

"வயிறுங்க."

"அப்ப எனக்கு ஒரு மாத்திர எழுதுங்க. சாப்ட்டா நெஞ்சு கரிக்குது."

எழுதிக் கொடுத்தேன். அவருடைய தலைக்கு நேர் மேலே, தகரத்தில், மூலம் பவுத்திரம் என்று சிவப்பு எழுத்தில் ஒரு போர்டு தொங்கியது. ஆராய்ச்சிக்கு வந்தவன் முதல் ஆளிடமே வயிறு என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

அங்கிருந்து விருத்தாசலம் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கரும்பு வெட்டு நேரம். பாரம் ஏற்றிய டிராக்டர்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போக, பஸ் அவற்றுக்குப் பின்னாலேயே ஊர்ந்தது. என் அக்கா புருஷன் அந்தோணி மாமாவும் அப்படி ஒரு டிராக்டர்தான் ஓட்டுகிறார். ஆலை ஓடுகிற மாதங்களில் பெண்ணாடத்தில் வரிசையில் வண்டியைப் போட்டுவிட்டு அங்கேயே கிடப்பார். வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்தால் பெரிசு.

அக்கா வேலையிலிருந்து நேராக பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தாள். மின்சாரத்துக்கான பீங்கான் பியூஸ் கட்டை செய்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. அச்சிலிருந்து வரும், இன்னும் சூளையில் சுடாத பச்சைக் கட்டைகளின் ஓரத்துப் பிசிறைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, பலகையில் அடுக்க வேண்டும். புருவமெல்லாம் வெள்ளை மாவு.

"என்னாடா, இப்பிடி எளச்சிட்ட?" என்றாள்.

"நீதான்க்கா எளச்சிருக்க."

"நான் எப்பவும் இப்பிடித்தான். வா, கருணைக்கெழங்கு மசிச்சு வச்சிருக்கேன்."

அந்தச் சாப்பாட்டைப் பற்றி அன்றே நோட்டில் எழுதி வைத்தேன். புளிவிட்டு வேகவைத்த கருணை, துளி அரிப்பு இல்லை. கூடவே விளக்கெண்ணெயில் வதக்கிய துத்திக்கீரை. எனக்காக வயல் வரப்பெல்லாம் அலைந்து பறித்திருக்கிறாள் என்று எழுதியிருக்கிறேன். இன்றும் அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது.

இரண்டாம் நாள் அக்காவின் கம்பெனிக்குப் போனேன். முதலாளி நல்ல மனிதர், கேட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். சூளைப் பக்கம் ஆண்கள், கொட்டகையில் பெண்கள். ஆண்களில் ஒன்பது பேரைக் கேட்டேன். ஒன்பது பேரும் தாளைப் பார்க்காமலே "இல்லை" என்றார்கள். பெண்களிடம் முதல் கேள்வியைப் படித்தேன். "மலத்துடன் ரத்தம் கலந்து வெளியேறுகிறதா?" கொட்டகையே வாயைப் பொத்திக்கொண்டது.

பாக்கியம் என்று ஒரு அம்மா, அங்கே எல்லோருக்கும் மூத்தவர். அவர்தான் வாயைத் திறந்தார். "ஏன் சார், கடல் தாண்டிப் போயி படிச்சிட்டு வந்து இதத்தான் கேப்பீங்களா?"

"இதுதாம்மா என் வேலை."

"வயித்து டாக்டருன்னுல்ல லூர்து சொன்னா?"

"வயித்துக்குக் கீழ வரைக்கும் பாப்பாருடி," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பில் பலகை ஆடி நாலு பச்சைக் கட்டை விழுந்து உடைந்தது.

பாக்கியம் அம்மா சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தப்பா நெனச்சுக்காதீங்க சார். நீங்க லூர்து தம்பி. அரை டவுசரோட இங்க வந்து எங்க கையால முட்டாயி வாங்கித் தின்னவரு. உங்ககிட்டப் போயி இத எப்பிடி சார் சொல்றது?"

நான் தாள்களை மடித்து வைத்தேன். அக்கா பஞ்சைப் பிழிந்து போட்டுவிட்டு எழுந்து வந்தாள். "குடு. நான் கேக்குறன்."

அன்று சாயங்காலம் அடுப்படியில் உட்கார வைத்து ஏழு கேள்வியையும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். நாலாவதோடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள், பெரிய பெரிய எழுத்தாகப் பெயர் எழுதுவாள். மற்றதற்கெல்லாம் டிக் போட்டால் போதும் என்றேன். பதில் சொன்னவர் பெயர், வயது மேலே. கேட்டவர் பெயர் அடியில். "அடியில எல்லாத்துலயும் உன் பேருதான்க்கா வரணும். நீதான கேக்குற." அது அவளுக்குப் பிடித்திருந்தது. இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள், நான்காம் நாள் இரண்டிலும் நான் ஆற்றோரம் சுற்றிக்கொண்டிருந்தேன். மணிமுத்தாற்றில் தண்ணீர் கணுக்காலுக்கு ஓடியது. என்னோடு படித்த ஒருவன் செல்போன் கடை வைத்திருந்தான். பேசிவிட்டு வந்தால் அக்கா கையில் கட்டாகத் தாள். டிக் டிக்காக விழுந்திருந்தது. எனக்கு நம்ப முடியவில்லை.

"எப்பிடிக்கா சொன்னாங்க?"

"நீ கேட்ட மாதிரி கேட்டா எவ சொல்லுவா? 'சூடு எறங்கியிருக்குதாடி'ன்னு கேட்டேன். எல்லாம் கொட்டிட்டாளுங்க."

சூடு இறங்குவது. எங்கள் ஊரில் அதற்கு அதுதான் பெயர். சூளைப் பக்கம் வேலை செய்தால் அந்த அனல் உடம்பில் ஏறி, ரத்தமாக இறங்கும் என்பார்கள். அது நோய் என்று யாரும் நினைப்பதில்லை. வேலையோடு சேர்ந்தது, கையில் மண் ஒட்டுவது மாதிரி. அதற்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள். மோர் குடிப்பார்கள், துத்தி தின்பார்கள், கருணைக்கிழங்கு தின்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். என் அப்பாவே பத்து வருடம் சூளையில் நின்றவர். தெரிந்தவன் புத்தகத் தமிழில் கேள்வி எழுதிக்கொண்டு வந்திருந்தேன். அக்கா ஒரே சொல்லில் அதைச் சரிசெய்துவிட்டாள்.

ஐந்தாம் கேள்வி, கைமருந்து என்ன செய்தீர்கள் என்பது. தாளுக்குத் தாள் துத்தி, கருணை, துத்தி, கருணை. இடது கையால் தாளைப் புரட்டிக்கொண்டே வலது கையால் துத்திக்கீரையைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டேன். நான்கு நாளில் மூன்றாவது முறை அந்தக் கீரை. "நல்லாருக்குக்கா" என்றேன். "இன்னும் கொஞ்சம் வச்சிக்க" என்றாள்.

ஐந்தாம் நாள் மாமாவைப் பார்க்கப் பெண்ணாடம் போனேன். ஆலைக்கு வெளியே டிராக்டர் வரிசை ஒரு மைலுக்கு நின்றது. மாமா வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்திருந்தார். கரும்பை ஒடித்துக் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்து வண்டிக்காரர்களுக்கெல்லாம் என்னை அறிமுகப்படுத்தினார். "மச்சான். லண்டன் டாக்டரு." நான் இருப்பது லண்டனுக்கு நாலு மணி நேரம் வடக்கே. விட்டுவிட்டேன்.

வரிசை நகரும்போது வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமா திடீரென்று கேட்டார்: "உங்கக்கா கொஞ்சம் எளச்சிட்டா, பாத்தியா?"

"பாத்தேன் மாமா."

"சோறு எறங்க மாட்டேங்குதுங்கறா. என்னான்னு கேட்டா ஒண்ணுமில்லங்கறா. நீ டாக்டரு, ஒரு வார்த்த கேளேன்."

"வேல சாஸ்தி மாமா. வயசும் ஆகுதுல்ல? ரத்தத்துக்கு ஒரு டானிக் வாங்கித் தரேன்."

வாங்கியும் கொடுத்தேன். நாற்பத்தொரு வயதுப் பெண், எடை குறைகிறது, பசி இல்லை. இங்கிலாந்தில் என் மாணவன் ஒருவன் இதற்கு டானிக் என்று சொல்லியிருந்தால் அறையை விட்டு வெளியே அனுப்பியிருப்பேன்.

அன்று திரும்பும் வழியில் மருந்துக் கடையில் குடலைச் சுத்தம் செய்கிற பேதிப் பொடி பன்னிரண்டு பொட்டலம் வாங்கினேன். தாள்களைத் தோராயமாக எண்ணியதில் பன்னிரண்டு பேர் ரத்தம் வருகிறது என்று சொல்லியிருந்தார்கள். புதுச்சேரியில் என்னோடு படித்த நண்பன் குழாய் விட்டுப் பார்க்கிற டாக்டர். எல்லோரையும் கூட்டி வா, ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்றிருந்தான். கூப்பிட்டுப் போகப் பெயர் வேண்டும். அதனால்தான் பெயரும் வயதும் இல்லாத தாளைச் சேர்க்கக்கூடாது என்று ஒரு விதி வைத்திருந்தேன். அந்த விதியை எழுதியவனும் நான்தான்.

ஆறாம் நாள் பெயர்களைப் பட்டியல் எடுத்தேன். பதினொன்றுதான் வந்தது. பன்னிரண்டாவது தாளில் பெயர் இல்லை. வயது இல்லை. ரத்தம் வருகிறதா, ஆம். எத்தனை மாதமாக, எட்டு. யாரிடம் முதலில் சொன்னீர்கள் என்ற இடத்தில் யாரிடமும் இல்லை என்பதற்கு டிக். கைமருந்துக்கு துத்தி, கருணை இரண்டுக்கும் டிக். அடியில் கேட்டவர் பெயர் என்ற இடமும் காலி. பெண்களின் மற்ற எல்லாத் தாளிலும் அங்கே லூர்து என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

அக்கா அடுப்பில் உலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு பேப்பர்ல பேரு இல்ல. யாருன்னு தெரியுமா?"

அவள் திரும்பவில்லை. "எவளாவது பயந்தவளா இருக்கும்."

"எட்டு மாசமாம்க்கா. இது கொஞ்சம் பாக்க வேண்டிய கேசு."

"அப்பிடியா?"

"பேரு இல்லன்னா கூட்டிட்டுப் போக முடியாது. விட்டுட வேண்டியதுதான்."

கரண்டியால் உலையைக் கிளறினாள். "உன் இஷ்டம்," என்றாள்.

தாளைத் தனியாக ஒரு உறையில் போட்டேன். பொட்டலங்களை அக்காவிடம் கொடுத்து, நாளை சாயங்காலம் இன்னின்ன மாதிரி கரைத்துக் குடிக்க வேண்டும், அதற்குப் பிறகு ஒன்றும் சாப்பிடக்கூடாது என்று சொல்லிக் கொடுக்கச் சொன்னேன். "பதினோரு பேருதான்க்கா. ஒண்ணு மிச்சம் இருக்கும், வச்சிரு."

"சரி."

எட்டாம் நாள் விடிந்ததும் வேன் புறப்பட்டது. பதினொரு பெண்கள், துணைக்கு அக்கா. பண்ருட்டிக்கு முன்னால் டயர் பஞ்சர். ஸ்டெப்னியும் காற்றில்லாமல் கிடந்தது. டிரைவர் டயரைத் தூக்கிக்கொண்டு லாரியில் ஏறிப் போய்விட்டார். பேதி குடித்த பதினொரு பேரோடு முந்திரித் தோப்போரம் ஒரு மணி நேரம் நின்றோம். "ஏன் சார், ரோட்டுல நிறுத்தி வச்சி டெஸ்ட் பண்றீங்களா?" என்று பாக்கியம் அம்மா கேட்டார். அவர் சொன்ன மற்றதை இங்கே எழுத முடியாது. பக்கத்தில் ஒரு முந்திரி வியாபாரி வீடு. அந்த வீட்டம்மா கொல்லைப்புறத்தைத் திறந்துவிட்டுப் புண்ணியம் கட்டிக்கொண்டார். பெண்கள் ஒவ்வொருவராகப் போய்வந்தார்கள். அக்காவும் நாலைந்து முறை போய்வந்தாள். மற்றவர்களுக்குத் துணையாகப் போகிறாள் என்று நினைத்தேன்.

நான் மட்டும் வறுத்த முந்திரி வாங்கித் தின்றேன். அக்காவிடம் நீட்டினேன்.

"வேணாம். நான் சாப்டல."

"நீ ஏன்க்கா பட்டினி? உனக்கா டெஸ்ட்டு?"

பெண்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். "வேளாங்கண்ணி மாதாவுக்கு நேந்துக்கிட்டிருக்கேன்."

புதுச்சேரியில் நர்ஸம்மா என் பட்டியலைப் பார்த்துப் பெயர் பெயராகக் கூப்பிட்டார். அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களின் பையையும் செருப்பையும் மடியிலும் காலடியிலும் வைத்துக்கொண்டாள். நான் உள்ளே நண்பனோடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் மூலம், சிலருக்கு ஆசனவாயில் வெடிப்பு. இரண்டு பேருக்குக் குடலில் சிறு மரு மாதிரி வளர்ச்சி இருந்தது, அங்கேயே எடுத்தாயிற்று. புற்று யாருக்கும் இல்லை. கடைசிப் பெயர் முடிந்து நான் வெளியே வந்தபோது, அக்கா பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"அவ்ளோதானா? முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுக்கா. எல்லாருக்கும் நல்லபடியா இருக்குது."

அவள் மடியில் வைத்திருந்த பைகளைப் பெஞ்சிலிருந்து எடுத்து உரியவர்களிடம் கொடுத்தாள். "நல்லதாப் போச்சு," என்றாள்.

திரும்பி வரும்போது வேன் முழுக்கப் பாட்டு. வழியில் ஒரு கடையில் எல்லோரும் புரோட்டா சாப்பிட்டார்கள். அக்கா சர்க்கரை தூக்கலாக ஒரு டீ மட்டும் குடித்தாள்.

ஒன்பதாம் நாள் பஸ் ஏற்றிவிட வந்தாள். பெட்டியைத் தூக்கி வைத்த பிறகு ஜன்னலுக்குக் கீழே நின்று கேட்டாள்: "அந்தப் பேரில்லாத பேப்பர என்னா பண்ண? கிழிச்சிட்டியா?"

"இல்லக்கா. தனியா வச்சிருக்கேன். கணக்குல வராது."

"ம்."

பஸ் கிளம்பியது. "போயிட்டு வரேன்க்கா" என்றேன். கை ஆட்டினாள். மூன்று வருடத்துக்குப் பிறகு வந்த பயணம் நல்லபடியாக முடிந்தது என்று நோட்டில் எழுதினேன்.

ஏழு மாதம் கழித்து மாமா போன் செய்தார். அக்கா கம்பெனியில் பலகை தூக்கும்போது மயங்கி விழுந்துவிட்டாள். புதுச்சேரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள், அதே ஆஸ்பத்திரிக்கு. நண்பன் போனை வாங்கினான். "மலக்குடல்டா. ரொம்பக் கீழ. விரலுக்கே எட்டுது."

விரலுக்கு எட்டுகிற தூரம். நான் அடுத்த விமானத்தில் ஏறினேன். அந்தப் பயணத்தில் என்ன சாப்பிட்டேன், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பது எதுவும் நினைவில்லை.

அக்கா வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாள். புருவத்தில் மாவு இல்லாமல் அவளைப் பார்த்து எவ்வளவோ வருடம் ஆகியிருந்தது. வேறு ஆள் மாதிரி இருந்தாள். மாமா டீ வாங்க வெளியே போயிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். அவளே சொன்னாள்.

"அந்தப் பேப்பரு நாந்தாண்டா."

"ஏன்க்கா சொல்லல?"

"தம்பிகிட்ட எப்பிடிடா சொல்றது? இதெல்லாம் சொல்ற பேச்சா? சூடுன்னுதான் இருந்தேன். நீ கேள்வியெல்லாம் சொல்லிக் குடுத்தப்பதான் இது வேற என்னமோன்னு பட்டுது. எல்லாரையும் கேக்குற, என்னையும் கேப்பேன்னு பாத்தேன்."

டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

"மிச்சமிருந்த பொட்டலத்தயும் குடிச்சேன். அங்க வந்து பெஞ்சுல உக்காந்திருந்தேன்ல? அந்த நர்ஸு ஒவ்வொரு பேரா கூப்டுச்சு. எம் பேரும் வரும் வரும்னு இருந்தேன். எப்பிடி வரும்? நாந்தான் எழுதலியே." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். "பேரு போட்டா நீ படிச்சிருவியேன்னு வெக்கமா இருந்துது. போடலன்னா நீ வுட்டுட்ட. உன் மேல தப்பில்ல, சாமி."

அவளே அப்படிச் சொல்லிவிட்டாள். சொந்த ரத்தத்தின் மேல் கத்தி வைக்கக்கூடாது என்பார்கள். நண்பன்தான் அறுவை செய்தான், நான் வெளியே அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், மடியில் அக்காவின் பையோடு. மலக்குடலை முழுவதும் எடுக்க வேண்டியதாயிற்று. இனி வயிற்றில் ஒட்டிய பையில்தான் எல்லாம். ஏழு மாதம் முன்னால் பார்த்திருந்தால் பை இல்லாமல் முடித்திருக்கலாமா என்று நண்பனிடம் கேட்டேன். அதை யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றான். நானும் என் நோயாளிகளின் வீட்டாரிடம் அப்படித்தான் சொல்வேன். கேட்கிறவர்களுக்கு அந்த வார்த்தை எப்படி இருக்கும் என்பது இப்போது தெரிகிறது.

அக்கா தேறி வருகிறாள். திரும்ப வேலைக்குப் போவேன் என்கிறாள். பாக்கியம் அம்மா தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறாராம். கொட்டகையில் இப்போது யாராவது சூடு என்று சொன்னால், "மொதல்ல போயிக் காட்டுடி" என்று விரட்டுகிறாராம். அதை அக்கா போனில் சொல்லிச் சிரித்தாள். இப்போதெல்லாம் வாரம் ஒருமுறை பேசுகிறோம். பை சரியாக ஒட்டுகிறதா, தோல் எரிகிறதா, வெளிக்கு எப்படிப் போகிறது, எல்லாம் கேட்கிறேன். அவளும் எல்லாம் சொல்கிறாள். இரண்டு பேருக்கும் வெட்கம் போய்விட்டது.

போன வாரம் ஆராய்ச்சியை எழுதி முடிக்க உட்கார்ந்தேன். கழித்த தாள்கள் போட்ட உறையை எடுத்தேன். உள்ளே ஒன்றே ஒன்றுதான். அக்காவிடம் போனில் கேட்டேன், பேர் எழுதிக்கட்டுமா என்று.

"எழுதிக்கயேன். இனிமே என்னா இருக்குது? வயசு நாப்பத்தொண்ணுன்னு போடு. அப்ப அதான்."

மேலே பதில் சொன்னவர் என்ற இடத்தில் லூர்து மேரி, 41 என்று எழுதினேன். அடியில் கேட்டவர் பெயர் என்ற இடத்துக்குப் பேனா வந்து நின்றது. பெண்களின் மற்ற எல்லாத் தாளிலும் அந்த இடத்தில் அவள் பெயர் இருக்கிறது. அவளை யாரும் கேட்கவில்லை; இந்த ஒன்றில் எழுத எனக்கு எந்தப் பெயரும் இல்லை. காலியாகவே விட்டு, மற்ற தாள்களின் கட்டோடு சேர்த்து வைத்தேன்.